உறைக்குள் போகும்போது வெடித்த பிஸ்டல்: கையால் போடும் சேஃப்டி தேவையா என்பது குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பணம் ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கு ஆயுதக் காவலர்களை அனுப்பும் தனியார் நிறுவனம் அது. பல ஆண்டுகளாக அங்கே காவலர்களின் இடுப்பில் இருந்தது ரிவால்வர். பெரும்பாலான ரிவால்வர்களைப் போல அதிலும் கையால் போடும் சேஃப்டி, அதாவது துப்பாக்கி சுடாதபடி கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் சின்ன நெம்புகோல், கிடையாது. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியலான ஹேமரை முன்கூட்டியே பின்னுக்கு இழுக்காவிட்டால், அந்த ட்ரிகரை அழுத்த சுமார் ஐந்து கிலோ விசை வேண்டும். விரலும் நீண்ட தூரம் பின்னுக்கு வர வேண்டும். ஏதோ ஒன்று லேசாக உரசியதற்கெல்லாம் அது சுட்டுவிடாது.

ரிவால்வர்கள் தேய்ந்துபோனதும் நிறுவனம் 9 மி.மீ. பிஸ்டல்களுக்கு மாறியது. வெளியே ஹேமர் இல்லாத ஸ்ட்ரைக்கர் வகை; உள்ளே இருக்கும் ஸ்ட்ரைக்கர் என்ற ஊசியே முன்னே பாய்ந்து தோட்டாவை அடிக்கும். 1980களின் தொடக்கத்தில் க்ளாக் 17 என்ற பிஸ்டல் வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவிய வடிவமைப்பு இது. சேஃப்டி இல்லாத துப்பாக்கி என்று இதைச் சொல்வது சரியல்ல. ட்ரிகரின் நடுவில் உள்ள சின்ன நாக்கு அழுந்தினால்தான் ட்ரிகர் நகரும். ட்ரிகர் பின்னுக்கு வந்தால்தான் ஊசியை மறித்து நிற்கும் முளை விலகும். கீழே விழுந்தாலும் சுடாதபடி உள்ளே தடுப்பு இருக்கிறது. ஆனால் இவை அனைத்தும் ட்ரிகர் இழுபட்ட உடனே தாமாகவே வழிவிட்டு விலகுபவை. இழுத்தது விரலா வேறு ஏதாவதா என்று அவற்றுக்குத் தெரியாது. ட்ரிகரின் கனமும் ரிவால்வரில் இருந்ததில் பாதிதான், சுமார் இரண்டரை கிலோ.

காவலர்களில் பாதிப் பேர் முன்னாள் ராணுவத்தினர். கட்டைவிரலால் சேஃப்டி போட்டு எடுக்கும் பிஸ்டல்களில் பழகியவர்கள். மீதிப் பேர் ரிவால்வரைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. மாற்றத்துக்கான பயிற்சி இருந்தது. ஆனால் அது குறி பார்ப்பது, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை மாற்றுவது, தோட்டா சிக்கினால் சரிசெய்வது ஆகியவற்றோடு நின்றது. துப்பாக்கியைத் திரும்ப உறைக்குள் வைப்பது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

சம்பவம்

இரவு முறை மாறும் நேரம். அந்த நிறுவனத்தில் துப்பாக்கிகள் தனி ஆளுக்குச் சொந்தமில்லை. முறை முடிந்தவர் தோட்டாவை எடுத்துவிட்டுக் கொடுப்பார், அடுத்தவர் தோட்டா போட்டு வாங்கிக்கொள்வார். அன்று மழை. வண்டி இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய காவலர் ஒருவர், முன்பு ரிவால்வர் வைத்திருந்தவர், பிஸ்டலில் மேகசினைச் செருகி, குழலின் பின்முனையில் உள்ள சேம்பரில் தோட்டா ஏற்றி, அவசரமாக முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே பிஸ்டலை இடுப்பு உறைக்குள் தள்ளினார். பாதியில் தட்டியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

குண்டு வெளித்தொடையில் நுழைந்து முழங்காலுக்கு மேலே வெளியேறி வண்டியின் தரையில் பாய்ந்தது. ஓட்டுநர் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி நேராக மருத்துவமனைக்கு ஓட்டினார். எலும்பும் பெரிய ரத்தக்குழாயும் தப்பின. காவலர் பிழைத்தார். சில மாதங்களுக்குப் பிறகு கட்டுப்பாட்டு அறை வேலைக்குத் திரும்பினார்.

விசாரணையில் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: “சார், என் விரல் ட்ரிகர்ல இல்ல.” இப்படி நடந்தால் எல்லோரும் சொல்வதுதான் என்று முதலில் யாரும் நம்பவில்லை. வண்டிக்குள் இருந்த கேமராவைப் பார்த்த பிறகுதான் பேச்சு மாறியது. ஆள்காட்டி விரல், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடின் பக்கவாட்டில் நீட்டியே இருந்தது. ட்ரிகரைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் புகுந்தது மழைக் கோட்டின் கீழ் ஓரத்தில் தொங்கும் இழுகயிறும், அதன் நுனியில் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குமிழும்.

துப்பாக்கியை முதலில் பார்த்தோம்

காவல்துறை தன் வேலையை முடித்துத் திருப்பித் தந்த பிறகு, பயிற்சியாளன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். நிறுவனத்தின் ஆயுதப் பொறுப்பாளரும் நானும் முதலில் பிஸ்டலைப் பிரித்தோம். இயந்திரக் கோளாறு இல்லை என்று உறுதியாகாமல் மனிதரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. 2017-ல் சிக் சாவர் பி320 பிஸ்டல் சில கோணங்களில் கீழே விழுந்தால் சுடக்கூடும் என்று தெரியவந்து, அந்த நிறுவனமே ட்ரிகர் பாகங்களை மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. இப்படியும் நடப்பது உண்டு.

இங்கே அப்படி எதுவும் இல்லை. ட்ரிகரின் கனம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. ஊசித் தடுப்பு வேலை செய்தது. ட்ரிகர் நாக்கு தானாகத் திரும்பியது. தோட்டா இல்லாத பிஸ்டலையும் அதே உறையையும் அதே கோட்டையும் வைத்து முயன்றபோது விஷயம் எளிதாகத் தெரிந்தது. குமிழ் உறையின் வாயில் மாட்டிக்கொள்ள, மேலிருந்து கை தள்ள, ட்ரிகர் அதன் மேல் ஏறி அழுந்தியது. துப்பாக்கி தனக்கு வகுத்த வேலையைத்தான் செய்திருந்தது.

இதே இடத்தில் ஹேமர் உள்ள பிஸ்டலாக இருந்தால் ஓர் எச்சரிக்கை கிடைத்திருக்கும். உறையில் வைக்கும்போது கட்டைவிரலை ஹேமரின் மேல் வைத்துக்கொள்வது பழைய வழக்கம்; ட்ரிகரை ஏதாவது இழுத்தால் ஹேமர் எழும்புவது விரலுக்குத் தெரியும், உடனே நிறுத்திவிடலாம். ஸ்ட்ரைக்கர் உள்ளே ஒளிந்திருப்பதால் அந்த வாய்ப்பு போய்விட்டது. க்ளாக்கின் பின்மூடிக்குப் பதிலாகப் பொருத்தி, ஸ்ட்ரைக்கரின் அசைவைக் கட்டைவிரலுக்குக் காட்டும் ஒரு சாதனமும் சந்தையில் வந்தது இதற்காகத்தான்.

மேசையில் இருந்த யோசனைகள்

நிர்வாகத்தின் முதல் எண்ணம் நேரானது: சேஃப்டி உள்ள பிஸ்டலுக்கு மாறிவிடலாம். மேலாளர் ஒருவர், “சேஃப்டி இருந்திருந்தா இது நடந்திருக்குமா, சொல்லுங்க” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. போட்டிருந்தால் நடந்திருக்காது. போட்டிருப்பாரா என்பதுதான் எனக்கு இருந்த சந்தேகம்.

பெரிய நிறுவனங்களைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால் அங்கும் ஒரே பதில் இல்லை. 2016-ல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கைச் சேஃப்டி இல்லாத க்ளாக்கைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அதே நாட்டின் ராணுவம் எம்17 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. அதில் கைச் சேஃப்டி உண்டு. இரண்டு பேருக்கும் நிபுணர் பஞ்சமில்லை. எஃப்.பி.ஐ. முகவர் தினமும் அதே துப்பாக்கியை அணிபவர். திடீரென்று எடுத்துச் சுட வேண்டியிருக்கும். ராணுவத்திலோ பிஸ்டலோடு பல மாதங்கள் கூடாரத்திலும் வண்டியிலும் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது இரண்டாவது ஆயுதம். வேலை வேறு என்றால் பதிலும் வேறாகத்தான் இருக்கும்.

ட்ரிகரை கனமாக்கலாம் என்றார் இன்னொருவர். அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1990களில் நியூயார்க் காவல்துறை ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியபோது, அவர்களுடைய க்ளாக்குகளில் சுமார் 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோவுக்கு நெருக்கமான ட்ரிகர் போட்டார்கள். பதற்றத்தில் விரல் தவறுவதற்கு அது ஓரளவு தீர்வு. இங்கே நடந்ததற்கு அல்ல. ஒரு ஆள் மேலிருந்து முழங்கையை ஊன்றி அழுத்தினால் ஐந்தரை கிலோ ஒரு பொருட்டே இல்லை. போதாததற்கு, குறியும் கெடும்.

சேம்பரில் தோட்டா இல்லாமல் வைத்திருக்கலாமே என்பது முன்னாள் ராணுவத்தினர் சிலரின் கருத்து. அணியாமல் பெட்டியில் பூட்டி வைக்கும் துப்பாக்கிக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் இவர்கள் ஒரு கையில் பணப்பையோ கதவுப்பிடியோ வைத்திருப்பவர்கள். ஸ்லைடை இழுக்க இரண்டு கை வேண்டும். அந்த யோசனையைக் கைவிட்டோம்.

பயிற்சிக் களத்தில் பார்த்தவை

முடிவுக்கு முன் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கேட்டேன். ஒரே பிஸ்டலைக் கைச் சேஃப்டியோடும் இல்லாமலும் விற்கும் நிறுவனங்கள் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி அப்படிப்பட்டது. நிறுவனத்திடம் இருந்த மாடலுக்கும் அப்படி ஒரு வடிவம் கிடைத்தது. சிலவற்றைக் கடனாக வாங்கி, வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களை மட்டும் வைத்து, காவலர்களை அவர்களுடைய வழக்கமான வேலைகளையே செய்யச் சொன்னோம்: முறை மாற்றம், வண்டியில் ஏறுவது, இறங்குவது, திடீர் அழைப்பில் எடுப்பது.

முன்னாள் ராணுவத்தினர் உறையில் வைக்கும் முன் கட்டைவிரலை யோசிக்காமலே மேலே தள்ளினார்கள். ரிவால்வர்க்காரர்களில் பலர் மறந்தார்கள். மறந்தவர்களைக் கேட்டால், போட்டதாகவே நம்பினார்கள். எடுத்துக் குறிவைத்து ட்ரிகரை அழுத்தி, எதுவும் நடக்காமல் விழித்தவர்களும் இருந்தார்கள். சிலர் தோட்டா சிக்கிவிட்டது என்று நினைத்து ஸ்லைடை இழுத்து நல்ல தோட்டாவை வெளியே தள்ளினார்கள்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு. சேஃப்டி உள்ள துப்பாக்கியைக் கையில் வாங்கியதுமே சிலரின் விரல் ட்ரிகர் காப்புக்குள் போய் உட்கார்ந்தது. சுட்டிக்காட்டினால், “அதான் சேஃப்டி போட்டிருக்கே சார்” என்றார்கள். சேஃப்டி இல்லாத துப்பாக்கியில் இதே ஆட்கள் விரலை வெளியே வைத்திருந்தார்கள். விரல் வெளியே இருந்தாக வேண்டும் என்பதற்குக் காரணம் வெறும் ஒழுக்கம் இல்லை. ஒரு கை எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதோ, கால் இடறும்போதோ, திடுக்கிடும்போதோ மற்றக் கையின் விரல்களும் தாமாகச் சுருங்கும் என்பதை உடலியக்க ஆய்வாளர் ரோஜர் எனோகா விளக்கியிருக்கிறார். அந்த நேரத்தில் புத்தி குறுக்கே வர முடியாது.

பழைய பழக்கம் எதிரியாவதையும் பார்த்தோம். 1911 வகைப் பிஸ்டலில் நெம்புகோல் சட்டகத்தில் இருக்கும். கீழே அழுத்தினால் சுடத் தயார். பெரெட்டா 92-ல் அது ஸ்லைடில் இருக்கும். கீழே இருந்தால் சேஃப்டி, மேலே தள்ளினால் சுடத் தயார். நேர் எதிர். இரண்டாவது வகையில் ஊறிய ஒருவர், கடன் வாங்கிய பிஸ்டலில் சேஃப்டி போடுவதாக நினைத்து ஒவ்வொரு முறையும் அதை விலக்கிக்கொண்டிருந்தார். அனுபவசாலி, குழுவிலேயே நன்றாகச் சுடுபவர்.

பிடுங்கும் ஒத்திகையில் சேஃப்டி தன் மதிப்பைக் காட்டியது. கூட்டத்தில் பணப்பையோடு நடக்கும் காவலருக்கு, பின்னாலிருந்து ஒருவன் துப்பாக்கியை உருவிவிடுவதுதான் பெரிய பயம். அந்த மாடலைப் பார்த்திராத அலுவலக ஊழியர் ஒருவரிடம் பிஸ்டலைப் பிடுங்கிச் சுடச் சொன்னபோது, நெம்புகோல் எங்கே என்று தேடுவதற்குள் காவலர் விலகிவிட்டார் அல்லது கையைப் பிடித்துவிட்டார். அந்த ஓரிரு நொடி பெரிது. அமெரிக்காவின் இலினாய் மாநிலக் காவல்துறை 1967-ல் சேஃப்டி உள்ள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 39-க்கு மாறியபோதும், பின்னாளில் அந்தத் துப்பாக்கிக்கு ஆதரவாகப் பேசியவர்கள் எடுத்துவைத்த வாதங்களில் இதுவும் ஒன்று.

நாள் முழுக்கத் துப்பாக்கி என்ன செய்கிறது

இந்த இடத்தில் ஆயுதப் பொறுப்பாளர் செய்த ஒரு வேலை விவாதத்தின் போக்கையே மாற்றியது. பழைய கேமராப் பதிவுகளை எடுத்து, ஒரு பிஸ்டல் ஒரு பணிமுறைக்குள் எப்போதெல்லாம் உறையை விட்டு வெளியே வருகிறது என்று எழுதிவந்தார். தோட்டா போட, எடுக்க, கையெழுத்துப் போடும்போது எண்ணைக் காட்ட, கழிப்பறைக்குப் போகும் முன் அடுத்தவரிடம் கொடுக்க, திரும்ப வாங்க. யாரையாவது எதிர்த்து எடுத்தது அந்தப் பதிவுகளில் ஒன்றுகூட இல்லை.

சேஃப்டி வேண்டாம் என்பவர்களின் வாதம் முழுக்கச் சுடும் நொடியைப் பற்றியது: அந்த நொடியில் கூடுதலாக ஒரு வேலை இருந்தால் உயிர் போகலாம் என்கிறார்கள். வேண்டும் என்பவர்கள் மற்ற நேரம் முழுவதையும் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டு பேரும் சொல்வது சரி. இந்த நிறுவனத்தில் ஆபத்து மொத்தமும் இரண்டாவது பக்கத்தில் குவிந்திருந்தது. எனவே இங்கே சேஃப்டி வேண்டும் என்ற பக்கம் நான் சாய்ந்தேன். ஆனால் அதைவிட முதலில், அந்த அநாவசியமான கையாளுதலையே குறைக்க வேண்டும். வெளியே வராத துப்பாக்கியைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டியதில்லை.

எடுத்த முடிவு

மேலாளர் ஒரு சமரசம் சொன்னார்: ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்குச் சேஃப்டி உள்ளது, மற்றவர்களுக்கு இல்லாதது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆயுதப் பொறுப்பாளர் ஒரே வரியில் மறுத்தார்: “ஆள் குறைஞ்சா ஒருத்தர் துப்பாக்கிய இன்னொருத்தர் எடுப்பாரு சார், தடுக்க முடியாது.” கையில் இருப்பது எந்த வகை என்று யோசிக்க வேண்டிய நிலைதான் எல்லாவற்றிலும் மோசம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எல்லோருக்கும் சேஃப்டி உள்ள வடிவம் என்று முடிவானது. இடக்கைக்காரர்கள் இருந்ததால் இரண்டு பக்கமும் நெம்புகோல் வேண்டும் என்றோம். சேஃப்டி போட்ட நிலையிலேயே ஸ்லைடை இழுக்க முடிய வேண்டும் என்பதும் நிபந்தனை. 1911-ல் சேஃப்டி போட்டால் ஸ்லைடு பூட்டிக்கொள்ளும். தோட்டாவை எடுக்க வேண்டுமானால் சேஃப்டியை விலக்கியாக வேண்டும். கையாளும்போதுதான் ஆபத்து என்று கண்டுபிடித்துவிட்டு, கையாளும்போது விலக்க வேண்டிய சேஃப்டியை வாங்குவதில் அர்த்தமில்லை.

விதி ஒன்றுதான். உறைக்குள் இருந்தால் சேஃப்டி போட்டிருக்கும், குறி இலக்கில் படியும்போது மட்டும் விலகும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது.

துப்பாக்கிகள் வந்து சேர்வதற்கு முன்பே மற்றவை நடைமுறைக்கு வந்தன. முறைக்கு முறை கைமாற்றுவது நின்று ஆளுக்கொரு பிஸ்டல் ஆனது. தோட்டா போடுவதும் எடுப்பதும் மணல் நிரப்பிய பெட்டிக்கு முன்னால் மட்டும். உட்கார்ந்துகொண்டு உறையில் வைக்கக் கூடாது. மழைக் கோட்டின் இழுகயிறுகளை அறுத்து எறிந்தார்கள். செலவே இல்லாத இந்த ஒரு வேலை முன்பே நடந்திருந்தால் அந்தக் காவலருக்குக் காயம் பட்டிருக்காது.

அதன் பின்

முதல் ஆண்டில் தவறுதலாக ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அதற்கு நெம்புகோல் காரணமா, கையாளுதல் குறைந்தது காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டாவதுக்குத்தான் அதிகப் பங்கு என்பது என் கணிப்பு. இரண்டு காவலர்கள் எவ்வளவு பயிற்சி கொடுத்தும் நெம்புகோலுக்குப் பழகவில்லை. ஆயுதம் இல்லாத பணிக்கு மாற்றப்பட்டார்கள்.

ஒரு சம்பவத்தைப் பற்றி இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பணப்பையைக் குறிவைத்து ஒருவன் கத்தியோடு நெருங்க, காவலர் பிஸ்டலை உருவினார். பார்த்ததும் அவன் ஓடிவிட்டான், சுடத் தேவைப்படவில்லை. சேஃப்டியை விலக்கித் தயாராக இருந்ததாகக் காவலர் எழுதிக் கொடுத்தார். பதிவில் கட்டைவிரல் அசையவே இல்லை. யாருக்கும் காயமில்லை, பிஸ்டலும் வெடிக்கவில்லை, அதனால் புதிய ஏற்பாடு வேலை செய்தது என்கிறது நிர்வாகம். நான் அதைத் தோல்வியாகவே எண்ணுகிறேன். அவர் சுட வேண்டாம் என்று முடிவெடுத்து விலக்காமல் இருந்திருந்தால் அது வேறு. தன் கையில் உள்ள துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

மாற்ற வேண்டியவை

பயிற்சியின் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதல் பாடம் உறையில் வைப்பது: கண்ணால் பார்த்து, மெதுவாக, தட்டினால் நிறுத்தி, வெளியே எடுத்து, என்ன தடுக்கிறது என்று பார்ப்பது. சுடுவதெல்லாம் அப்புறம்.

தோட்டா இல்லாத பயிற்சி மாதம் ஒரு முறை போதும் என்று தொடங்கினார்கள். போதவில்லை. கட்டைவிரல் அசைவு யோசனை இல்லாமல் வர வேண்டுமானால், வாரத்தில் சில நாட்களாவது முறை தொடங்கும் முன் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும். கையுறை போடுபவர்கள் கையுறையோடே செய்ய வேண்டும். அதற்கான சம்பள நேரத்தைக் கொடுக்க மனமில்லாத நிறுவனம் கைச் சேஃப்டி உள்ள துப்பாக்கியை வாங்காமல் இருப்பதே நல்லது. சேஃப்டி இல்லாத பிஸ்டலும் ட்ரிகரை முழுதாக மூடும் கெட்டியான உறையும் அவர்களுக்கு இன்னும் பத்திரமாக இருக்கும்.

எதிர்பாராத ஒன்று ஆய்வின் போது கண்ணில் பட்டது. இரண்டு பக்க நெம்புகோலில் வெளிப்பக்கம் உள்ளது, வண்டியில் சீட் பெல்ட்டும் கதவும் உரசி, பகல் முழுக்க மெல்ல நகர்ந்து சில காவலர்களிடம் விலகிய நிலைக்கு வந்திருந்தது. காலையில் போட்ட சேஃப்டி மாலையில் இல்லை. வெளிப்பக்க நெம்புகோலையும் மூடும் உறைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவை வரும்வரை, வண்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டலை உருவாமல், உறைக்கு மேலேயே கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்பது இப்போதைய உத்தரவு.